கரடிக் காது வைத்த பெயர் அட்டை

மலைமேல் இருக்கும் ரிங்லெட் ஊரில் நான் அச்சுக்கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வருகிறவர்களைப் பொறுத்தவரை உலகத்தில் எழுத்துரு இரண்டே இரண்டுதான். ஒன்று கல்யாணத்துக்கு, மற்றது கருமாதிக்கு. கோயில் திருவிழா பேனருக்குக் கல்யாண எழுத்தையே எடுத்து மஞ்சள் நிழல் போட்டுக் கொடுத்தால் போதும், பக்தி வந்துவிடும். ஸ்ட்ராபெரி தோட்டக்காரர்களுக்கு மட்டும் எழுத்திலிருந்து சாறு ஒழுக வேண்டும்.

அதனால், எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பாலர் பள்ளிக்கு பேனர், சுவர் வாசகம், பெயர் அட்டை எல்லாவற்றையும் புதிதாகச் செய்து தரச்சொல்லிப் பெற்றோர் சங்கம் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தைகளுக்கான விளையாட்டு எழுத்துருக்களைத் தேடித் தேடிக் கணினியில் சேர்த்து வைத்திருந்தேன். எங்காவது போட்டே தீரவேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு நாள் குறித்திருந்த வாரத்தில், தேயிலை வெட்டும் வேலைக்குப் போகிற ஓர் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். காலில் பூட்ஸ். சேறு என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

"தங்கச்சி, இவ பேரைப் பெருசா ஒண்ணு அடிச்சுக் குடுங்க. மொத நாளு பேர் போட்ட நாற்காலியைப் பாத்துப் பிள்ளைங்க தானாப் போய் உக்காரணுமாம். நான் கூட நிக்க முடியாது, பெரட்டுக்குப் போவணும்."

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆளெண்ணி வேலைக்கு அனுப்புகிற நேரம். தாமதமாகப் போனால் அன்றைக்கு வேலை இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவ சூராட் இன்னும் வரல தங்கச்சி. பொறந்தப்பவே பதியாம விட்டுட்டோம். இருந்தாலும் பாக்குறேன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அங்க பேரைப் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

சூராட், அதாவது பிறப்புப் பத்திரம், இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எவ்வளவு பாடு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சாதாரணத் தடித்த எழுத்தில் பெயரை அடித்துக் கொடுத்தேன். அந்தக் குட்டிப் பெண் கடை வாசலிலேயே உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவி, முணுமுணுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

கூட்டத்தில் சங்கத் தலைவர், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி, டீச்சர், நான். ஐந்து வயதுக்காரர் யாரும் அழைக்கப்படவில்லை.

முதலில் உருண்டையான, தெளிவான எழுத்து ஒன்றைக் காட்டினேன். காய்கறி லோரி ஓட்டும் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "இது பேங்க் ஃபாரம் மாதிரி இருக்குலா. பிள்ளைங்கன்னா குஷியா இருக்க வேணாமா?"

அடுத்து மேலும் கீழும் குதிக்கிற எழுத்து. கிராணி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஆடுது. ஆனா சிரிக்கலயே."

அப்போதுதான் என் பொக்கிஷத்தைத் திறந்தேன். எழுத்துக்கு எழுத்து இரண்டு கரடிக் காது. கொம்பெல்லாம் தும்பிக்கை. சுழி வருகிற இடமெல்லாம் உருட்டி விழிக்கிற கண். மெய்யெழுத்தின் தலையில் புள்ளிக்குப் பதிலாக வண்டு. கிராணி சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

டீச்சர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளைங்களுக்குப் படிக்க வருமா?"

"படிக்கிறதுக்குத்தான் ஒண்ணாம் வகுப்பு இருக்கே டீச்சர்" என்றார் தலைவர்.

எனக்குத் தெரியாததா? இந்த மாதிரி எழுத்து பேனர் தலைப்பில் ஒரு சொல்லுக்குத் தாங்கும். பெயர் அட்டைக்குக் குழந்தை பழகிய எழுத்துதான் வேண்டும். தொழில் தெரிந்தவள் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. நானும் திறந்தேன். "இப்ப எல்லா இடத்துலயும் இதுதான் டீச்சர் ஓடுது" என்றேன்.

முதல் நாள் காலை, கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாம் என்று போனைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சங்கத்துக்காரர்கள் சுவரின் முன்னால் நின்று விதவிதமாக செல்ஃபி எடுத்தார்கள். குழந்தைகள் தானாக நாற்காலியைக் கண்டுபிடிப்பதாக ஏற்பாடு. ஆனால் கூட வந்த அம்மா அப்பாக்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, ஒருவழியாகத் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். தனியாக. அம்மா பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கொழுந்துக் கூடையோடு வெளியே நின்றார், பூட்ஸில் சேறு. அவள் ஒவ்வொரு நாற்காலியாக நின்று நின்று பார்த்துக்கொண்டு போனாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். என் படத்தை மறைத்தாள். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றேன். தள்ளிக்கொண்டாள். பிறகு அவளை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தலைவர் வருத்தப்பட்டார். "மொத நாளே ஆப்சென்ட். நாம என்ன செஞ்சாலும் இவங்களுக்கு அக்கறை இல்லலா."

டீச்சர் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது யாரு பேருங்க? எனக்கே புரியல."

வண்டுகளையும் காதுகளையும் ஒதுக்கிவிட்டு வாசித்தேன். கடை வாசலில் விரலால் தடவியவளின் பெயர். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக வேலைக்காட்டுக்கு ஓட்டினேன்.

தேயிலைச் சரிவின் ஓரத்தில், விரித்துப்போட்ட பிளாஸ்டிக் தாள்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். சீருடை அழுக்காகாமல் பாவாடையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். புது சப்பாத்து கழற்றப்பட்டு ஜோடியாகப் பக்கத்தில் இருந்தது. அக்கா வெட்டுவதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"பேரு இல்லேன்னு வந்து சொல்லிச்சு தங்கச்சி. சூராட் இல்லல்ல, அதான் சேத்துக்கலன்னு நெனச்சுட்டேன்."

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா?"

"கேட்டு அவங்களுக்கு எதுக்குச் சங்கடம்? இவ்வளவு நாள் நல்லபடியாத்தான பேசுனாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்னு கூட்டிட்டு வந்துட்டேன்."

எங்கள் ஆட்களே இப்படித்தான். ஆபீஸ் கதவு தானாகச் சாத்திக்கொண்டாலும் நம்மைத்தான் வெளியே தள்ளினார்கள் என்று நினைத்து, சத்தமில்லாமல் திரும்பிவிடுவார்கள். நான் வளர்ந்த தோட்டத்து லைன் வீட்டிலும் அதுதான் பழக்கம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அட்டையை நீட்டினேன். "பேரு இருக்குக்கா. இதோ."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அது கரடி" என்றாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பினார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கடைக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார். மகளின் தலையில் லேசாகத் தட்டினார்.

"அவ்வளவு தடவை சொல்லிக் குடுத்தும் பேரைப் படிக்கத் தெரியல பாருங்க. உங்களை வேற இவ்வளவு தூரம் அலைய வச்சுட்டா. மன்னிச்சுக்குங்க தங்கச்சி."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்தைப் போடத் தொடங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று அந்த மலையில் அறிந்திருந்தவள் நான் ஒருத்திதான். தப்பு என்னுடையது என்று அவள் காதுபடச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

"பரவால்லக்கா" என்றேன்.