வெட்டுக்கிளி தின்னக் கூடாத பல்லி

என் அக்காவின் கணவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று வெகுநேரம் யோசித்தேன். கையெழுத்து அழகாக இருக்கும். வேறு ஒன்றும் அகப்படவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து, ஸ்ரீவராகத்தில் அக்கா வீட்டு மாடியறையில் தங்கியிருந்தேன். ஒரு நாள் அவள் கணவர், என் அத்திம்பேர், கண்ணாடிப் பெட்டி ஒன்றுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய அவருடைய சினேகிதர் ஒருவர் எப்படியோ கொண்டுவந்து, வளர்த்து, அலுத்துப்போய், இவர் தலையில் கட்டிய ஜீவன் உள்ளே இருந்தது. உள்ளங்கை நீளத்தில், செம்மண் நிறத்தில் ஒரு பல்லி. கண்ணுக்கு மேலே இமைமயிர் போல முள்வரிசை. கிரெஸ்டட் கெக்கோ என்று பெயராம். அதைப் பல்லி என்று யாராவது சொன்னால் அத்திம்பேருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

சினேகிதர் தீனியும் ஒரு டப்பாவில் கொடுத்திருந்தார். பழமும் சத்துகளும் கலந்த மாவு. தண்ணீரில் குழைத்துச் சின்ன மூடியில் வைத்தால் நக்கித் தின்னும். நடுநடுவே உயிருள்ள பூச்சியும் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பூச்சி என்ற சொல்லை அத்திம்பேர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மாவு டப்பாவை மட்டும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் படித்தார். முட்டைப் பொடி என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. உடனே அதைக் கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பையில் போடச் சொன்னார்.

"நம்மாத்துல இருக்கற ஜீவன் நம்மாத்து ஆகாரம்தான் சாப்பிடணும். மனசிலாச்சா?" என்றார் அக்காவிடம்.

அன்றிலிருந்து கதலிப்பழமும் தேனும்தான். ஏகாதசியன்று அதுவும் கிடையாது. அதே கூடத்தில், ட்யூப்லைட்டுக்குப் பக்கத்தில், நம்மூர்ப் பல்லிகள் ஈசலைப் பிடித்து விழுங்கிக் கொழுத்துக்கொண்டிருந்தன. அவற்றின் ஆசாரத்தைப் பற்றி அத்திம்பேருக்குக் கவலை இல்லை. அவற்றைக் காட்டி யாரிடமும் ஜம்பம் அடிக்க முடியாதே. இதைக் காட்டி அடித்தார். "சுத்த வெஜிட்டேரியனாக்கும். இந்த ஆத்துக்குள்ள வந்ததும் தானே மாறிடுத்து" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நம்புகிற மூடர்களும் அந்தத் தெருவில் நிறையவே இருந்தார்கள்.

பெட்டியைத் துடைப்பது, தண்ணீர் தெளிப்பது, பழத்தை மசிப்பது எல்லாம் அக்காவின் வேலை. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அது மெல்ல விழித்து, அவள் விரலிலிருந்த தேனை நக்கிவிட்டுத் தோளில் தாவி உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டில் அக்கா கேட்டு வாங்கியது என்று எதுவும் கிடையாது. இதையும் அவள் கேட்கவில்லை. ஆனாலும் அதன் மேல் உயிரையே வைத்துவிட்டாள்.

ஓணம் முடிந்த சமயத்தில் அதன் தாவல் தப்ப ஆரம்பித்தது. தோளைக் குறிவைத்துத் தாவித் தரையில் விழும். கால்கள் நடுங்கும். வாய் சரியாக மூடவில்லை. அக்கா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னில் அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மிருக டாக்டரிடம் போனோம். மாட்டையும் நாயையும் பார்க்கிற மனிதர். இந்த மாதிரி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். தாடையை விரலால் லேசாக அமுக்கினார். அது ரப்பர் போல வளைந்தது.

"எலும்பில் சுண்ணாம்புச் சத்தே இல்லை. கோழிக்குஞ்சுக்கெல்லாம் வரும் இது. வெறும் பழம் கொடுத்தால் போதுமா? கால்சியம் மாத்திரையைப் பொடித்து, பூச்சியை அதில் புரட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் தங்காது" என்றார் மலையாளத்தில்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தோம். அத்திம்பேர் மறுபடியும் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். சிப்பி ஓட்டிலிருந்து எடுத்த கால்சியம் என்று பாட்டிலில் அச்சடித்திருந்தது.

"சிவ சிவ! இது சிப்பியாக்கும். மாம்சம்! இதையா ஆத்துக்குள்ள கொண்டுவந்தேள்?"

வாய் நிறைய வெற்றிலையை வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க போட்டுண்டிருக்கற சுண்ணாம்பு எதுலேர்ந்து வரது அத்திம்பேர்? காயல்ல வாரின கக்காச் சிப்பி ஓட்டைச் சுட்டுத்தானே விக்கறா?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது அக்னி பட்டது. அக்னி பட்டா தோஷம் இல்லே."

"அப்போ வெட்டுக்கிளியையும் சுட்டுக் குடுக்கலாமோ?"

அதற்கப்புறம் பல நாள் அவர் என்னிடம் பேசவில்லை. எனக்கு அது சுகமாகவே இருந்தது. அக்காதான் தினமும் கெஞ்சினாள். "நவராத்திரி கழியட்டும், பாக்கலாம்" என்று ஒரே பதில். கொலு வைக்கிற வீட்டில் பூச்சியைக் கொல்வதாவது என்றார். மாத்திரை பாட்டிலை அவள் தூக்கிப் போடவும் இல்லை, திறக்கவும் இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவளிடமும் எனக்குக் கோபம்தான்.

அத்திம்பேர் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கொலுப்படிக்குப் பக்கத்தில், செட்டியார் பொம்மைக்கு அடுத்து, காகிதப் பூ சுற்றி வைத்தார். தெருப் பெண்கள் பாட்டுப் பாடிவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள். ஒரு மாமி, "தாவுமோ?" என்று கேட்டாள். "பேஷா!" என்று அத்திம்பேர் கண்ணாடியைத் தட்டினார். அது எழுந்தது, குச்சியைப் பார்த்துத் தாவியது, எட்டவில்லை. மல்லாந்து விழுந்து, கால்கள் வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தது.

"தியானத்துல இருக்கு" என்றார் அந்த மனிதர்.

அக்கா கையிலிருந்த மஞ்சள் குங்குமத் தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மழை பெய்து நனைந்த புல்லில் அவள் குனிந்து துழாவுவது கூடத்திலிருந்தே தெரிந்தது. திரும்பி வரும்போது விரல்களுக்கு நடுவே ஒரு பச்சை வெட்டுக்கிளிக் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது. அடுக்களையில் மாத்திரையை நசுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தாள். மாவில் புரட்டியது போல வெளுத்திருந்த அந்தப் பூச்சியை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பெட்டியைத் திறந்து, பல்லியைப் புரட்டி நிமிர்த்தி, அதன் வாயருகே பிடித்தாள். அது கோணல் வாயால் கவ்வியது. மென்றது. விழுங்கியது. தாடை கடைசிவரை நேராகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல வருஷம் அது உயிரோடு இருந்தது.

அத்திம்பேருக்கு முகம் செத்துப்போயிற்று. தாழ்ந்த குரலில் அவளிடம், "குளிக்காம அடுக்களைப் பக்கம் போகப்படாது. சுண்டலைத் தொடப்படாது" என்றார்.

"தொடலை" என்றாள் அக்கா. "எனக்கு இன்னும் வெட்டுக்கிளி பிடிக்கணும். சுண்டலும் மஞ்சள் குங்குமமும் நீங்களே எல்லாருக்கும் குடுங்கோ."

புடவையை மறுபடியும் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கொல்லைக்குப் போனாள். நான் தாம்பாளத்தை அத்திம்பேர் கையில் வைத்தேன். வரிசையில் முதலாவதாக நின்ற மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரிடம் நெற்றியை நீட்டினாள்.