நோன்பு முடியட்டும் என்றேன்

களப்புக் கரையிலுள்ள எங்கள் ஊரில் ஒரு வழக்கம். என்ன பிணக்கு வந்தாலும் முதலில் பள்ளிவாசலுக்குத்தான் வரவேண்டும். வேலித் தகராறு, வலை அறுத்த சண்டை, புருசன் பெண்சாதி கோபம் எல்லாவற்றையும் பள்ளி நிர்வாகம் பேசித் தீர்க்கும். பள்ளியைத் தாண்டிப் போனவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். பல வருடம் பள்ளிச் செயலாளராக இருந்தவன் நான். பேசித் தீர்ப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். இப்போது அந்தப் பெயரை யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மீனவர் பள்ளிக் கந்தோருக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். யாரோ ஒருவருடைய படகு எஞ்சின் களவுபோனதென்று பொலிஸார் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்திருந்தார்கள். மறுநாள் எஞ்சின் வேறிடத்தில் கிடைத்ததும் போ என்று விட்டுவிட்டார்கள். அவருக்கு இடது காது கேட்கவில்லை.

"நானா, நான் கள்ளன் இல்லையெண்டு அவங்களுக்கே தெரிஞ்சிட்டு. ஆனா அடிச்சது பிழையெண்டு ஒருத்தரும் சொல்லல்ல. கோட்டுல அத சொல்ல வைக்கணும். என்ட பிள்ளையள் கேக்கணும்," என்றார்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாடு எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். திகதி போட்டேன். அவர் கையொப்பம் வைத்தார்.

"இது என்ட கையில இருக்கட்டும் தம்பி. நோன்பு முடியட்டும். பள்ளிக்குக் கூப்பிட்டுப் பேசிப் பாப்பம். சரிவராட்டி அனுப்புவம்," என்றேன்.

"ஓம் நானா, நீங்க சொன்னா சரி," என்று போய்விட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சட்டம் தெரியாமல் நான் அப்படிச் செய்யவில்லை. புத்தளத்தில் நடந்த ஒரு செயலமர்வில் சட்டத்தரணி ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லித் தந்திருந்தார்: அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் கணக்கில் சேராது. முன் வரிசையில் இருந்து தலையாட்டியவன் நான்.

ஒவ்வொரு நோன்புக்கும் அதே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியைப் பள்ளிக்கு அழைத்து நோன்பு திறக்க வைப்போம். அந்த வருடம் ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. முறைப்பாடு போனால் அவர் வரமாட்டார், ஊர் என்னைத்தான் கேட்கும். அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன்.

பொறுப்பதிகாரி வந்தார். கதிரை போட்டு இருத்தி, கஞ்சிக் கோப்பையை நானே நீட்டினேன். அடிபட்டவர் கடைசிப் பாயில் இருந்தார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சலாம் சொன்னார். நான் பேரீச்சம்பழத் தட்டைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். நோன்பு திறக்கும் நேரத்தில் அந்தக் கதை எதற்கு என்று எனக்கு நானே சொன்னேன். பிறகும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நான் தெரிந்துதான் ஆறவிட்டேன்.

பெருநாள் முடிந்து ஆறாம் நாள் அடிபட்டவரே வந்து, "பேசினீங்களா நானா?" என்று கேட்டார். அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு, "வாங்க போவம்," என்றேன். பஸ்ஸில் அவருடைய இடது காதுப் பக்கம் இருந்து ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து அவர் எழுந்து, எனக்கு இடது பக்கம் மாறி இருந்தார்.

ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வெளி விசாரணைக்குப் போயிருந்தார். சிங்கள உத்தியோகத்தர் ஓர் இளம் பெண். தன்மையாகப் பேசினார். நான் மொழிபெயர்த்தேன். முறைப்பாட்டை எடுக்கிறோம், விசாரிப்போம், பிழை என்று கண்டால் பரிந்துரையும் எழுதுவோம் என்றார். ஆனால் உயர் நீதிமன்றம் போகும் மாதம் கடந்துவிட்டது என்றார். அதையும் நானே அவருக்குத் தமிழில் சொன்னேன்.

"இனி அடிச்சவன் கோட்டுக்கு வரமாட்டானா?" என்று அவர் கேட்டார்.

அந்தப் பெண் கடிதத்தைத் திருப்பித் திகதியைப் பார்த்தார். நோன்புக்கு முந்தியே எழுதியிருக்கிறதே, ஏன் இவ்வளவு பிந்தியது, யாராவது தடுத்தார்களா என்று அவரிடம் கேட்கச் சொன்னார்.

"யாராவது தடுத்தாங்களாண்டு கேக்கிறாங்க," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"ஒருத்தரும் தடுக்கல்ல. நான்தான் மறந்திட்டன் எண்டு சொல்லுங்க நானா."

அந்தப் பெண் பேனையுடன் காத்திருந்தார். உண்மையைச் சொல்லப் போதுமான சிங்களம் எனக்குத் தெரியும். அவர் மறந்துவிட்டாராம் என்று சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.