நுவாங் மலைக்குக் குடும்பத்தோடு

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தை மாதத்தில் நாளும் குறித்தாகிவிட்டது. அதற்குள் ஒரே ஒரு மலை உச்சியிலாவது நின்றுவிட வேண்டும் என்று எனக்கு வெறி. பெட்டாலிங் ஜெயா ஆபீசில் என்னோடு வேலை பார்த்தவர்கள் உலு லங்காட்டில் நுவாங் மலை ஏறப் போவதாகச் சொன்னதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். மாமியார் வீட்டுக்குப் போனபின் மலையாவது மண்ணாவது!

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டில் அப்பா ஒரு வாரம் யோசித்தார். "வயசுப் பிள்ளைய தனியா காட்டுக்கு அனுப்புறதா? நானும் அம்மாவும் வரோம்."

ஆபீஸ்காரர்கள், "வாங்க அங்கிள், ஜாலியா இருக்கும் லா" என்றார்கள். எனக்கு மானமே போயிற்று.

அம்மா அடிவாரத்தில் தேங்காய் உடைத்தாள், கற்பூரம் காட்டினாள். அதோடு விட்டாளா? செருப்பை நாங்கள் வந்த வேனிலேயே கழற்றிப் போட்டாள். "மலைன்னா முருகன் இருக்கிற இடம். செருப்போட மிதிக்கலாமா?"

முருகன் இருந்தாரோ என்னவோ, அட்டைகள் இருந்தன. ஆற்றங்கரை வரை வாய் திறக்காமல் நடந்தவள், அங்கே குனிந்து பாதத்தைப் பார்த்ததும் "ஐயோ முருகா!" என்று அலறிப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். இனி ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டேன் என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ அம்மாவுக்குத் துணையா இரும்மா. பொம்பளைக்குப் பொம்பளதான் சரி. இவ்வளவு தூரம் வந்தாச்சு, நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

எனக்குக் காவலாக வந்த மனுஷர், என்னைக் காட்டில் உட்கார வைத்துவிட்டு, என் ஆபீஸ் ஆட்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு மரவேர்களைப் பிடித்து ஏறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் அம்மாவின் காலில் உப்பை அப்பி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"மெதுவாடி! அப்பா மேல உள்ள கோவத்த என் கால்லயா காட்டுவ?" என்றாள். ஆமாம், அங்கேதான் காட்டினேன்.

சாயங்காலம் அப்பா இறங்கி வந்தார். ஐம்பதைத் தாண்டிய முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேல ஒண்ணுமே இல்லம்மா. ஒரே பனிமூட்டம். பக்கத்துல நிக்கிற ஆளே தெரியல. நீ வராததே நல்லது லா."

ஆறுதல் சொல்கிறாராம். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டேன்.

"ஒண்ணும் இல்லைன்னு நான்தாம்ப்பா வந்து சொல்லியிருக்கணும்" என்றேன்.