கழுத்தைத் தடவிப் பார்க்கும் எல்லம்மா அத்தை

எல்லம்மா அத்தை போய்விட்டார்.

காலையில் பழவேற்காட்டிலிருந்து தம்பி போன் செய்தான். ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்... மீஞ்சூர் தாண்டியாகிவிட்டது.

அத்தையின் மகள் தேசம்மாவும் நானும் ஒரே வகுப்பு. தேசம்மாவுக்குப் பிறவியிலேயே ஏதோ அபூர்வமான ஜீன் கோளாறு. சின்ன வயதிலேயே அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. எண்பதுகளில் எங்கள் குப்பத்தில் யாரும் கேள்விப்படாத காரியம்... அத்தை தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தார். மெட்ராஸில் ஆபரேஷன்.

மாத்திரையால் உப்பிய கன்னத்தோடு தேசம்மா திரும்பி வந்தாள். என்னோடு பாண்டி ஆடினாள்.

ஆனால் டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும். இவளுக்கு இருக்கும் கோளாறுக்குப் புற்றுநோய் பயம் இன்னும் அதிகம். கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் உடனே வரவேண்டும்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அத்தை அவள் கழுத்து, அக்குள் எல்லாம் அமுக்கிப் பார்ப்பார். நண்டு வாங்கும்போது சதை இருக்கிறதா என்று அமுக்குவோமே, அப்படி. விரல் ஜில்லென்று இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் நடக்கும்.

"எனக்கு இன்னா அத்தே, ஒண்ணும் இல்லியே..."

"இருந்தா உனக்கு எப்டிடி தெரியும்? கம்னு இரு."

ஒரு நாள் தேசம்மாவின் கழுத்தில் அந்த விரல் நின்றது. பிறகு என் கழுத்தில் அதே இடம். திரும்ப அவள் கழுத்து. திரும்ப என் கழுத்து.

"நீ வூட்டுக்குப் போ கண்ணு."

பயந்து ஓடிவிட்டேன்.

புற்றுநோய்தான். மாத்திரையைக் குறைத்தார்கள், வேறு மருந்து கொடுத்தார்கள்... அடுத்த மழைக்காலம் வரை இருந்தாள். கிட்னி மட்டும் கடைசி வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாம்.

அதற்குப் பிறகும் அத்தையின் விரல்கள் சும்மா இருக்கவில்லை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தெருவில் எந்தப் பிள்ளை போனாலும் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவுவார். பிள்ளைகள் அலறும். பெற்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. அத்தை "ஒண்ணும் இல்ல, போ" என்று சொல்லும்வரை அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

தேசம்மாவைப் புதைத்த அன்று... இடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. அத்தை கேட்கவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

மண் தள்ளப் போனவர்களிடம் அத்தை மெதுவாகத்தான் சொன்னார்.

"பாத்துத் தள்ளுங்கப்பா... என்னுது உள்ள இன்னும் வேலை செஞ்சிகினு கீது."

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

இன்று மகளுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டுகிறார்களாம்.

போய் வா அத்தே...