நான்காவது பெயர்

என் மேஜை இழுப்பறையில் ஒரு தாள் மடிந்து கிடக்கிறது. மேல்பாதியில் ஒரு கேமரா, ஐந்து லென்ஸ், ஒரு டிரோன். ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் எண், அச்சடித்தது. கீழ்ப்பாதியில் நான்கு பெயர்கள், நீல மையில், கையால் எழுதியவை. மேல்பாதி நான் தயாரித்தது. கீழ்ப்பாதியை எழுதியவர் காரைக்காலில் நாங்கள் 'இன்சூரன்ஸ் மேடம்' என்று கூப்பிட்டவர்.

அப்போது ஒரு சின்னப் படத்துக்கு நான் தயாரிப்பு நிர்வாகி. காரைக்காலை ஒட்டிய மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டில் ஒரு கடல் காட்சி எடுக்க வேண்டும். காப்பீடு இல்லாமல் கேமராவைப் படகில் ஏற்றக் கூடாது என்று வாடகைக்குக் கொடுத்த கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டதால்தான் மேடத்தைத் தேடிப் பிடித்தேன். இல்லாவிட்டால் எனக்கு அந்த நினைப்பே வந்திருக்காது. பக்கத்து ஊரான நெரவியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். என் வயதுதான் இருக்கும். என் பட்டியலைப் படித்தவர், 'படகு ஆட்கள் 4' என்ற கடைசி வரியில் விரலை வைத்து, "லென்சுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கீங்க, இவங்களுக்குப் பேரு இல்லீங்களா சார்?" என்றார். தெரியாது என்றேன். என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கரையில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே எழுதினார். இதென்ன வாத்தியாரம்மா வேலை என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.

படப்பிடிப்புக்கு முதல் நாள் பாலிசி வந்துவிட்டது. மறுநாள் விடிகாலையில், படகையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப மேடமும் கரைக்கு வந்திருந்தார். கேமரா ஏறிவிட்டது. சூரியன் கடலுக்கு மேலே வந்துவிட்டது. நாயகி அன்று மதியமே ஊருக்குக் கிளம்ப வேண்டும். அந்த வெளிச்சம் போனால் காட்சியே போச்சு. இயக்குநர் என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் தாளை வைத்துக்கொண்டு ஆட்களை ஒவ்வொருவராகச் சரிபார்த்து, நான்காவது ஆளிடம் நின்று ஏதோ கேட்டார்.

"அண்ணனுக்குக் காச்சலுங்க. அவரு எடத்துக்கு நான் வந்திருக்கேன்," என்றான் அந்த இளைஞன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. அங்கே அதுதான் வழக்கம். ஒருவருக்கு முடியாவிட்டால் கூடப்பிறந்தவர் ஏறிக்கொள்வார், பங்கு வீட்டுக்கு வந்துவிடும்.

மேடம் அவனிடம் பெயரைக் கேட்டுக்கொண்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி பேரு பாலிசியில இல்ல சார். ஆபீசு பத்து மணிக்குத்தான் தெறக்கும். சேத்துடலாம், அதுவரைக்கும் நிறுத்துங்க." மணி ஆறரை. மூன்று பேரோடு போகலாமா என்று படகுக்காரரிடம் கேட்டேன். முன்னால் நிற்க ஆளில்லாமல் அலையைத் தாண்ட முடியாது என்றார். "என்னங்க, போலாமா வேணாமா?" என்று இயக்குநர் கத்தினார். மேடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "போங்க," என்றேன். படகு நகர்ந்ததும் இன்னொன்றும் கத்தினேன்: "கேமராவப் பத்திரமாப் பாத்துக்குங்க!"

அவன் பார்த்துக்கொண்டான். அலை உடைகிற இடத்தில் படகின் முன்பக்கம் தூக்கியதும் கேமராப் பெட்டி சறுக்கியது. அவன் பாய்ந்து பிடித்தான். பெட்டிக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது. கரையில் நின்ற எங்களுக்குப் படகு பாதியில் திரும்புவது மட்டும்தான் தெரிந்தது. மேடம் செருப்போடு தண்ணீருக்குள் ஓடினார்.

உப்புத் தண்ணீர் புகுந்த கேமராவுக்குப் பணம் சிக்கலில்லாமல் வந்தது. நசுங்கிய கைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவோடு தயாரிப்பாளர் ஒதுங்கிக்கொண்டார். அண்ணன் மேடத்திடம் வந்து, "என் பேர்லயே போட்டுடுங்கம்மா, நான்தான் போனேன்னு சொல்லிடறேன்," என்று கும்பிட்டார். நானும் கூடச் சேர்ந்து கெஞ்சினேன். "கை உங்களுது இல்லியேங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்னன்னு எழுதுவேன்?" என்றார் மேடம். குரல் உடைந்திருந்தது. எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். என் மேல் வந்திருக்க வேண்டிய கோபம் அது என்று புரிய நாளாயிற்று. 'அன்னிக்கே சொன்னேனே' என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது நான் வலைத்தொடர்களுக்கு வேலை செய்கிறேன். காப்பீட்டுப் படிவம் கைபேசியிலேயே வந்துவிடுகிறது. ஆட்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம், அவ்வளவுதான். படகோ வண்டியோ கிளம்புமுன் நான் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். யூனிட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். போன மாதம் கிளிஞ்சல்மேடு போய் அந்தத் தம்பியைப் பார்த்தேன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருப்பதாக அவன் சொன்னான். எனக்கு டீயை இடது கையால் நீட்டினான்.

திரும்பி வந்து இந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். நான்காவது பெயர் அண்ணனுடையது. அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. மேலே இருக்கும் கேமரா எண்ணை இப்போதும் பார்க்காமல் ஒப்பிப்பேன். அன்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுத அவன் பெயரைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. மேடம்தான் சொன்னார்.