சீனி போடாத கொய்யாக் கட்டி

எங்கள் வேலெஸ் ஊரில், கொய்யாப் பழத்தைச் சீனி போட்டு இறுகக் காய்ச்சும் கொய்யாக் கட்டி கிண்டத் தெரியாத பெண் கிடையாது. ஆனால் அதை வைத்து ஊருக்கே புத்தி சொல்லக் கிளம்பியவள் என் அண்ணி எதெல்மிரா ஒருத்திதான்.

அண்ணன் பெயர் கிரிசாந்தோ, கொய்யா ஏற்றும் லாரி ஓட்டுபவன். அவனுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது, சீனியைக் குறைக்காவிட்டால் காலுக்கு ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தார். அன்று மாலையே அண்ணி வீட்டிலிருந்த சீனியையெல்லாம் தெருச் சாக்கடையில் கொட்டினாள். கொல்லையில் கொட்டியிருக்கலாம். அங்கே யார் பார்ப்பார்கள்?

பிறகு கொய்யாவையும் பப்பாளியையும் வெல்லம் போட்டுக் கிண்ட ஆரம்பித்தாள். வெல்லம் கறுப்பாக இருக்கிறது, அதனால் உடம்புக்கு நல்லது. இதுதான் அவள் கண்டுபிடித்த வைத்தியம். தேவாலயக் கூடத்தில் பெண்களைக் கூட்டி வகுப்பு வேறு. சீனியே இல்லை, மருந்து மாதிரி, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அளந்து விட்டாள். அண்ணனுக்கும் மூன்று வேளையும் அந்த மருந்துதான்.

மாதா மாதம் ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. அண்ணி தன் பாத்திரத்தைச் சந்தேகப்படுவாளா? புருஷனைச் சந்தேகப்பட்டாள். சட்டைப் பையைத் துழாவினாள், வாயை மோந்து பார்த்தாள், ரோட்டுக் கடைகளில் போய் விசாரித்தாள். திருட்டுத் தீனிக்காரன் என்று சந்தை முழுக்கப் பரப்பினாள். செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தான் அண்ணன். அவனுக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

கடைசியில், சந்தேகம் தீரட்டும் என்று லாரியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே கிடந்தான். அவள் கையால் கொடுத்ததைத் தவிர எதையும் தொடவில்லை. அப்போதுதான் சர்க்கரை எகிறியது, கால் விரலும் கறுத்தது.

சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று நர்ஸ் கேட்டாள். அண்ணி பெருமையாக டப்பாவைத் திறந்து காட்டினாள்.

"இனிப்புக்கு என்ன போட்டீங்க?"

"சுத்தமான வெல்லம்."

"வெல்லமும் சீனியும் ஒண்ணுதாம்மா. இதையா தினமும் குடுத்தீங்க?"

அண்ணி டப்பாவை மூடினாள். வாயையும்தான். விரலை எடுத்துவிட்டார்கள்.

வெட்கம் என்று ஒன்று இருந்தால் கூடத்தின் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டாள். இவளோ புது வகுப்பு தொடங்கினாள். நன்றாகப் பழுத்த கொய்யா, கொஞ்சம் பட்டை, ஆரஞ்சுச் சாறு, வேறொன்றும் கிடையாது, வெல்லமும் ஆகாதாம். அடுப்பில் வாட்டி ஆளுக்குச் சின்னக் கிண்ணம். நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்குப் பக்கத்துத் தெரு ரொசால்பா எழுந்து, வெல்லம் ஆகாது என்றால் உங்கள் வீட்டுக்காரர் விரல் போனது எதனால் என்று நேருக்கு நேர் கேட்டாள். கத்தியும் கையுமாக அண்ணி அப்படியே நின்றாள். பின் பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தான் அண்ணன். இப்போதாவது வாயைத் திறடா, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேளடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் மெதுவாக எழுந்தான்.

"அவ மேல தப்பு இல்லம்மா. நான்தான் ரோட்டுக் கடையில திருட்டுத்தனமா தின்னேன்."

"கேட்டுக்கிட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல," என்றாள் அண்ணி.

பெண்கள் அவனைப் பார்த்துச் சூள் கொட்டினார்கள். அவன் காது இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. அண்ணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து அடுத்த கொய்யாவை நறுக்கினாள்.