அக்கா உடுப்புக் காயப்போட்ட கம்பி

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அக்காவின் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

மலையகத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அம்மா நேரத்தோடு காலமானதால் என்னை வளர்த்தவரும் அவரே. இடம்பெயர்ந்து போன இடங்களில் தறப்பாள் கூடாரத்துக்கு முன்னால் முதலில் ஒரு கொடிக்கயிறு கட்டுவார். "உடுப்புத் தோய்ச்சுப் போட்டாத்தான்ரா மனுசர் இருக்கிற இடம் மாதிரி இருக்கும்" என்பார். அத்தான் காய்ச்சலில் இறந்த பின், தோட்டங்களில் கூலி வேலை செய்து ஒரே மகளைப் படிப்பித்தார்.

சென்ற மாரியில் கயிறு இற்றுப்போக, தகரக் கூரையின் கொளுக்கியிலிருந்து வேலிக்கட்டைக்கு இரும்புக் கம்பி இழுத்துக் கட்டினார். அந்தத் தகரத்தை உரசிக்கொண்டுதான் வீட்டு மெயின் சுவிச்சிலிருந்து குசினிக்கு மின்சார வயர் போகிறது. காற்றில் ஆடி ஆடி வயரின் தோல் தேய்ந்திருந்ததை ஒருவரும் காணவில்லை.

வியாழக்கிழமை, ஓமந்தையில் மேசன் வேலையில் நின்ற எனக்கு அழைத்தார்.

"தம்பி, ஈரச் சீலை போடேக்க கை சுள்ளெண்டுது."

"கம்பியைத் தொடாதேங்கோ அக்கா. ஞாயிறு வந்து பாக்கிறன்."

"ஓம், ஆறுதலா வா. பிள்ளையைக் கிட்டப் போகவேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். ஆரும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா ஓடிப்போய்த் தொடாதை, மெயினை நிப்பாட்டு எண்டும் சொன்னனான். நான் செருப்போட நிண்டு போடுறன்."

உடனே மெயினை நிறுத்தி வையுங்கோ என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளி முழுக்க மழை. வீட்டு நாய் அந்தப் பக்கம் போகாமல் வாசலில் நின்று குரைத்ததாம். சனி காலை வெயில் எறித்தது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் காயப்போட மகள் எடுத்துப் போனபோது, அக்கா அதைக் கையிலிருந்து பறித்தார்.

"நீ உள்ள போ. நான் போடுறன்."

சேற்றில் செருப்புப் புதைந்து கழன்றிருக்கிறது. மகள் திரும்பிப் பார்க்கையில் அக்கா கம்பியைப் பிடித்தபடி சத்தமின்றி நின்றார். அவள் தாயைத் தொடவில்லை. ஓடிப்போய் மெயினை நிறுத்தினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சொன்னபடி ஞாயிறு போனேன், செத்தவீட்டுக்கு.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து நெஞ்சை அமத்திப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணைக்கும், ஓட்டோவில் ஏற்றிச் சென்றவருக்கும், எட்டாம் நாள் எட்டுச் செலவு வரை சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இந்த மலரில் "திடீரெனக் காலமானார்" என்று மட்டும் போட்டால் போதும் என்றார்கள் பெரியவர்கள். மகள் சம்மதிக்கவில்லை.

"கம்பியெண்டு எழுதுங்கோ மாமா. வாசிக்கிற ஆக்கள் வீட்டை போய்த் தங்கட உடுப்புக் கொடியைப் பாக்கட்டும்."

எழுதிவிட்டேன்.